பதின்மூன்றாவது அறையில் பதினொரு படங்கள்

அண்ணியைத் திருடி என்று எழுதி அனுப்பியிருந்தார்கள். அந்தச் சொல்லைப் போடவில்லைதான். "உங்கள் வீடியோவில் ஒன்பதாவது நிமிடத்தில், பதின்மூன்றாவது அறையில், பதினொரு படங்கள் காணவில்லை. அந்த இடத்தில் வெட்டி ஒட்டியிருப்பதாகச் சந்தேகிக்கிறோம். பத்து நாட்களுக்குள் இடைவெளி இல்லாத புதிய வீடியோ வராவிட்டால் உங்கள் பெயர் மோசடிப் பட்டியலில் சேர்க்கப்படும்" என்று மரியாதையாகத்தான் எழுதியிருந்தார்கள். மரியாதையாகச் சொன்னால் மட்டும் வலிக்காதா என்ன?

டெய்லரின் மனைவிக்கு அண்ணி என்பதே பெயராகிப் போயிருந்தது. முதலில் அப்படிக் கூப்பிட்டவள் டெய்லரின் தங்கை. அவளைப் பார்த்து, கடையில் பித்தான் துளைக்குக் காஜா எடுக்கும் அக்கா தன்னைவிடப் பத்து வயது சின்னவளை அண்ணி என்றாள். பிறகு பேண்ட் தைக்க வருகிற தாத்தாக்கள்கூட அண்ணி என்றார்கள். முன்னறை கடை, பின்னறைகள் வீடு. மதியம் ஒரு மணிக்குக் கடையைச் சாத்தினால் மூன்று மணிக்குத்தான் திறப்பார்கள். டெய்லர் சாப்பிட்டுவிட்டுக் குறட்டை விடுகிற அந்த இரண்டு மணி நேரத்தில், ஐந்து வருடமாக அண்ணி ஒரு சுரங்கத்துக்குள் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தாள்.

கம்ப்யூட்டர் விளையாட்டுதான். முப்பது அறைகள் உள்ள ஒரு சுரங்கம். தண்டவாளத்தில் ஓடும் ஒரு தள்ளுவண்டியைப் பள்ளம், பாறை, தண்ணீர் எல்லாவற்றையும் தாண்டி வெளியே கொண்டுவர வேண்டும். எல்லோராலும் கொண்டுவர முடியும், எவ்வளவு சீக்கிரம் என்பதில்தான் போட்டி. உலகம் முழுவதும் இதை ஆடுகிறவர்கள் ஒரு தளத்தில் கூடி, யார் எத்தனை நிமிடம் என்று பட்டியல் போட்டு வைத்திருந்தார்கள். இருபது நிமிடத்துக்குள் யாரும் முடித்ததில்லை, முடியவும் முடியாது என்று பெரிய தலைகள் எல்லாம் அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தன. ஒரு புதன்கிழமை மதியம், 'ஊசி' என்ற பெயரில் ஆடிய அண்ணி பத்தொன்பது நிமிடம் ஐம்பத்திரண்டு விநாடியில் வெளியே வந்துவிட்டாள். வீடியோவையும் பதிவு செய்து அனுப்பினாள். அதற்குத்தான் இந்தப் பதில்.

தளத்தின் நடுவர் 'ஆந்தை' என்ற பெயரில் இருந்தார். வீடியோ என்பது ஒரு விநாடிக்கு முப்பது அறுபது என்று ஓடும் படங்கள்தானே. இந்த ஆந்தை ஒவ்வொரு படமாக நிறுத்திப் பார்க்கிற ரகம். பதின்மூன்றாவது அறையில் வண்டி ஒரு தண்டவாளத்தில் இருந்தது, அடுத்த படத்தில் வேறு தண்டவாளத்தில் இருந்தது. நடுவில் நடந்தது எங்கே?

அண்ணி அதை வாசித்ததும் வெட்டுகிற மேஜைக்குப் போய்ப் புருஷனிடம் சொன்னாள். டெய்லர் ஒரு கால்சட்டைத் துணியில் கத்தரியை ஓட்டிக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கவில்லை.

"வெட்டலியே நீ?"

"என்ன கேட்டீங்க?"

"இல்ல, சும்மா கேட்டேன். தெரியாம எங்கயாவது வெட்டியிருப்பியோன்னு. விடு, விளையாட்டுதானே, போனாப் போகுது."

ஆந்தை எழுதியதுகூட அவளை அவ்வளவு சுடவில்லை. எங்கேயோ இருக்கிறவன், என்னை அவனுக்குத் தெரியாது என்று விட்டுவிடலாம். பன்னிரண்டு வருடமாகப் பக்கத்தில் இருக்கிற மனிதர் அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டாரே! ஒரு பித்தான் அதிகமாக வந்தால்கூட வாடிக்கையாளர் வீட்டுக்கு நடந்துபோய்க் கொடுத்துவிட்டு வருகிறவள் அவள். அன்று அவருக்குச் சாப்பாடு போட்டாள். பேச்சு மட்டும் போடவில்லை.

சாயங்காலம் நாத்தனார் வேலையிலிருந்து வந்தாள். ஒரு ஸ்டூடியோவில் கல்யாண வீடியோ எடிட் செய்கிறவள். விஷயத்தைக் கேட்டதும் அவளுக்கு அண்ணியைவிடக் கோபம் வந்துவிட்டது.

"யாரு அண்ணி அவன்? வெட்டி ஒட்டினா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதா? இது வெட்டினது இல்ல. கம்ப்யூட்டர் மூச்சு வாங்கியிருக்கு. படத்தைப் பிடிக்க முடியாம விட்டிருக்கு."

"அதை அவன்கிட்ட யாரு சொல்றது?"

"சொன்னா நம்புவானா? செஞ்சுதான் காட்டணும். எங்க ஸ்டூடியோல ஞாயித்துக்கிழமை யாரும் இருக்க மாட்டாங்க, ஓனர்கிட்ட கேட்டுக்கறேன். அங்க இருக்கிற மெஷின் ராட்சசன். வாங்க, அதுல ஆடுங்க."

போனார்கள். ராட்சசன் ராட்சசன்தான். படம் கண்ணாடித் தண்ணீர்போல ஓடியது. ஆனால் அண்ணியின் வண்டி மூன்றாவது அறையிலேயே பள்ளத்தில் விழுந்தது. மறுபடி ஆடினாள், நான்காவதில் விழுந்தது. வீட்டு லேப்டாப்பில் தாவுகிற பொத்தான் கொஞ்சம் அமுங்கிப் போயிருக்கும். ஐந்து வருடமாக அந்த அமுங்கலுக்கு விரல் பழகிவிட்டது. ஸ்டூடியோவின் புதுப் பொத்தான் தொட்டதும் தாவியது. இரண்டு மணி நேரம் மல்லுக்கட்டிவிட்டு, இருவரும் வீடு வந்து சேர்ந்தார்கள். ஒன்று மட்டும் தெளிவாகிவிட்டது. ஜெயித்தாலும் தோற்றாலும் அந்தக் கிழட்டு லேப்டாப்பில்தான்.

அந்த லேப்டாப்பின் லட்சணத்தையும் சொல்லிவிட வேண்டும். கடையில் வாடிக்கையாளர் அளவுகளை ஏற்றி வைக்க யாரிடமோ பழையதாக வாங்கியது. படங்களுக்கென்று தனி கிராபிக்ஸ் கார்டு எல்லாம் அதில் கிடையாது. திறந்தால் விழித்துக்கொள்வதற்குள் ஒரு காலர் தைத்துவிடலாம். தையல் தூசி விழாத ஒரே இடம் என்று, இஸ்திரி போடும் மேஜையின் மேல் நாலாக மடித்து விரித்த கம்பளியில்தான் அது எப்போதும் உட்கார்ந்திருக்கும்.

நாத்தனார் பதிவு செய்கிற மென்பொருளைத் திறந்து பார்த்தாள். பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டாள்.

"என்ன அண்ணி இது! எல்லாத்தையும் உச்சத்துல வச்சிருக்கீங்க?"

"நடுவர் பார்க்கப்போறாரு, நல்லா இருக்கட்டும்னுதான்..."

"நோஞ்சான் தலையில மூட்டையை ஏத்திட்டு ஓடுன்னா எப்படி ஓடும்?"

மூட்டையை ஒவ்வொன்றாக இறக்கினார்கள். பின்னால் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்த பிரவுசர், அப்டேட் எல்லாவற்றையும் நிறுத்தினார்கள். திரையின் அளவைக் குறைத்தார்கள். விநாடிக்கு அறுபது படம் என்பதை முப்பதாக்கினார்கள், முப்பது போதும் என்று விதியிலேயே இருந்தது. பிடித்த படங்களைச் சுருக்கி அடுக்குகிற வேலையை இத்தனை நாளும் விளையாட்டை ஓட்டுகிற பிராசஸரே சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தது. அதே சில்லுக்குள் வேலையில்லாமல் சும்மா கிடந்த இன்னொரு பகுதிக்கு அந்த வேலையை மாற்றிவிட்டாள் நாத்தனார். விடுபட்ட படங்களின் எண்ணிக்கை திரையின் ஓரத்தில் தெரியும்படியும் வைத்தாள்.

அண்ணி ஆடினாள். ஒன்று, இரண்டு, ஐந்து, எட்டு நிமிடம். ஓரத்தில் பூஜ்யம் அசையாமல் நின்றது. ஒன்பதாவது நிமிடம், பதின்மூன்றாவது அறை. கூரையிலிருந்து தண்ணீர் சொட்டுகிற அறை அது. பூஜ்யம் நான்காகியது.

"நாசமாப்போற அறை!" என்றாள் அண்ணி.

மறுநாளும் அதற்கு மறுநாளும் அப்படியே நடந்தது. ஒன்பதாவது நிமிடத்தில் நான்கு, மூன்று, ஐந்து. தண்ணீர்ச் சொட்டுகள் அதிகம், அதனால்தான் கம்ப்யூட்டர் திணறுகிறது என்று நாத்தனார் சொன்னாள். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. அண்ணிக்கு மனம் ஒப்பவில்லை. ஒரு சட்டை ஓர் இடத்தில் இழுத்தால் கோளாறு அந்த இடத்தில்தான் என்று நினைப்பது கற்றுக்குட்டி. தையல் எங்கேயோ பிசகியிருக்கும், இழுவை வேறு எங்கேயோ தெரியும். தினம் பார்க்கிறாளே அவள்.

ஏழாவது நாள் மதியம், லேப்டாப் ஆறிக் கிடந்தபோது, பழகிப் பார்க்கிற முறையில் நேராகப் பதின்மூன்றாவது அறையிலிருந்தே ஆரம்பித்தாள். தண்ணீர் கொட்டோ கொட்டென்று கொட்டியது. விடுபட்டவை பூஜ்யம். அப்படியே ஆடிக்கொண்டே போனாள். இருபத்தாறாவது அறையில், தண்ணீரே இல்லாத வெறும் அறையில், எண் நான்காகியது. கடிகாரத்தைப் பார்த்தாள். ஆரம்பித்து ஒன்பதாவது நிமிடம்.

அறை இல்லை, நேரம்! எந்த அறையில் இருந்தாலும் ஒன்பதாவது நிமிடத்தில் இதற்கு என்னவோ ஆகிறது. லேப்டாப்பைத் தூக்கிப் பார்க்கலாம் என்று அடியில் கையை விட்டவள், "அம்மாடி!" என்று கையை உதறினாள். இஸ்திரிப் பெட்டி மாதிரி கொதித்துக்கொண்டிருந்தது. காற்று வாங்குகிற துளைகள் எல்லாம் கம்பளிக்குள் புதைந்திருந்தன.

அண்ணி இயந்திரங்களுக்கான சின்ன ஸ்க்ரூ டிரைவரை எடுத்துவந்தபோது டெய்லர் குறட்டையிலிருந்து எழுந்துவிட்டார்.

"என்ன பண்ணப்போற?"

"திறக்கப்போறேன்."

"அடியே! எட்டு வருஷ அளவு அதுக்குள்ள இருக்கு! ஊர்ப்பட்ட இடுப்பு, ஊர்ப்பட்ட தோளு! போச்சுன்னா நான் யாரைப் போய் மறுபடி அளப்பேன்?"

"பென் டிரைவ்ல ஏத்தி வச்சாச்சு. தள்ளி நில்லுங்க."

ஏழு நாளில் அவரோடு அவள் பேசிய நீளமான பேச்சு அதுதான். டெய்லர் தள்ளி நின்றார்.

மூடியைத் திறந்தாள். உள்ளே விசிறி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மெத்தை இருந்தது. சட்டைக் காலருக்குள் வைக்கிற கான்வாஸ் போலக் கெட்டியாக, துணித்தூசியும் நூல்தூசியும் சேர்ந்து படிந்து போயிருந்தது. தூசி விழாத இடமாம் இஸ்திரி மேஜை! உதறி உதறித் துணி தேய்ப்பதே அங்கேதான். இவர்கள் ஒவ்வொரு சனிக்கிழமையும் நான்கு தையல் இயந்திரங்களையும் திறந்து, பாபின் அடியில் சேர்ந்த தூசியைப் பிரஷ் வைத்துத் தட்டி, எண்ணெய் விட்டு மூடுகிறவர்கள். ஐந்தாவதாக ஒரு இயந்திரம் அதே அறையில் அதே தூசியை மூச்சாக இழுத்துக்கொண்டிருந்தது ஒருவர் புத்தியிலும் உறைக்கவில்லை. விளையாட்டு மட்டும் ஓடியவரை அது எப்படியோ சமாளித்திருக்கிறது. பதிவும் சேர்ந்ததும் ஒன்பது நிமிடத்தில் சூடு தலைக்கேறி, தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்திருக்கிறது.

அண்ணி இடுக்கியால் அந்த மெத்தையை முழுசாக உருவி எடுத்தாள். டெய்லருக்கு ஆர்வம் தாங்கவில்லை. வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார்.

"இந்த நீலம் பார், நர்ஸ் யூனிஃபார்ம் ஆர்டர். இருநூறு செட் தைச்சோமே. இது மேல இந்த வெள்ளை... வக்கீல் சட்டை. அட, இந்தச் சிவப்பு, பேண்ட் வாத்தியம் வாசிக்கிறவங்களுக்குத் தைச்சது!" என்று அடுக்கடுக்காக வாசித்துக்கொண்டே போனவர் சட்டென்று நிறுத்தினார். கையில் இருந்த தூசியையும் மனைவியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்போ நம்ம தூசிதான் அந்தப் பதினொரு படத்தையும் தின்னுருக்கு."

"ஆமா."

"நான் உன்னைப் போய்க் கேட்டேன் பாரு."

"ஆமா, கேட்டீங்க."

"தப்புதான்."

"தப்புதான்" என்றாள் அண்ணியும். அவள் அதை ஒன்றும் மழுப்பிவிடவில்லை. ஆனால் பிரஷைக் கொண்டாங்க, விளக்கைப் பிடிங்க என்று அன்று அவரை நன்றாக வேலை வாங்கினாள். அவரும் சொன்னதையெல்லாம் செய்தார்.

விசிறியைத் துடைத்து மூடி, கம்பளியைத் தூக்கி எறிந்து, இரண்டு மரக்கட்டைகளின் மேல் லேப்டாப்பை நிறுத்தினார்கள். அடியில் காற்று தாராளமாகப் போனது. பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்தார்கள், பதினைந்து நிமிடம் ஓட்டிப் பார்த்தார்கள். பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம்.

பாதிக் கிணறு தாண்டியாயிற்று. மீதிப் பாதி அண்ணியின் கையில் இருந்தது. கம்ப்யூட்டர் தயார்தான். இருபது நிமிடத்துக்குள் இன்னொரு தரம் முடிக்க வேண்டுமே! ஐந்து வருடத்தில் ஒரே ஒரு தடவை நடந்தது அது. எட்டாவது நாள் ஏழு முறை ஆடினாள், ஏழும் ஊற்றிக்கொண்டது. ஒன்பதாவது நாள் ஒரு முறை இருபது நிமிடம் மூன்று விநாடி வந்தது. மூன்று விநாடி! அண்ணி எழுந்துபோய்ச் சமையலறையில் ஒரு பாத்திரத்தை நங்கென்று வைத்தாள்.

பத்தாவது நாள் டெய்லர் மதியம் வரை காத்திருக்கவில்லை. காலை பதினோரு மணிக்கே கடைக் கதவைச் சாத்தினார். எல்லா இயந்திரங்களையும் நிறுத்தினார்.

"எதுக்குங்க? டெலிவரி கொடுக்கணுமே."

"கொடுக்கலாம். மெஷின் ஓடினா மேஜை அதிருது. நீ ஆடு."

நாத்தனார் லீவு போட்டிருந்தாள். காஜா அக்காவுக்கு ஒரு பொறுப்பு கொடுத்தார்கள். வேறு எதையும் பார்க்காமல், திரை ஓரத்து எண்ணை மட்டும் பார்க்க வேண்டும். அக்கா மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கண்கொத்திப் பாம்பாக உட்கார்ந்துவிட்டாள்.

முதல் ஆட்டம் ஆறாவது அறையில் போயிற்று. இரண்டாவது பதினெட்டில் போயிற்று. மூன்றாவது ஆட்டத்தில் அண்ணியின் விரல்கள் என்னவோ தனியாகவே கிளம்பிவிட்டன. ஐந்தாவது அறையின் பாறையை உரசாமல் தாண்டினாள். ஒன்பதாவது அறையில் எல்லோரும் சுற்றிப் போகிற பள்ளத்தை நேராகத் தாவினாள்.

"சைபர்" என்றாள் காஜா அக்கா.

"அக்கா, மாறினா மட்டும் சொல்லுங்க!"

"சரி அண்ணி. இன்னும் சைபர்தான்."

பதின்மூன்றாவது அறை வந்தது. நாத்தனார் கண்ணை மூடிக்கொண்டாள். தண்ணீர் சொட்டியது, வண்டி ஒரு தண்டவாளத்திலிருந்து மற்றதற்கு வழுக்கிக்கொண்டு போனது, ஒவ்வொரு அங்குலமும் தெரிந்தது. காஜா அக்கா வாயைப் பொத்திக்கொண்டு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாள். டெய்லர் இத்தனை வருடத்தில் ஒரு நாளும் இந்த ஆட்டத்தை முழுசாகப் பார்த்ததில்லை. இப்போது மனைவியின் முதுகுக்குப் பின்னால் நின்று, வண்டி வளைகிற பக்கமெல்லாம் தானும் வளைந்துகொண்டிருந்தார். இருபதாவது அறை, இருபத்துமூன்று. யாரோ வெளியே கதவைத் தட்டினார்கள்.

"கடை லீவு!" என்று கத்தினார் டெய்லர், திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

இருபத்தொன்பதாவது அறையில் வண்டியின் பின்சக்கரம் ஒரு கல்லில் இடித்தது. நான்கு பேருக்கும் உயிர் போய் வந்தது. அண்ணி பதறவில்லை. அந்த அமுங்கின பொத்தானைப் பாதி அழுத்தி, வண்டியை நிமிர்த்தி, முப்பதாவது அறைக்குள் விட்டாள். அங்கே ஒரே ஒரு நீளமான ஏற்றம். அதன் உச்சியில் வெளிச்சம் தெரிந்தது. வண்டி வெளிச்சத்துக்குள் பாய்ந்து வெளியே வந்து நின்றது.

பத்தொன்பது நிமிடம் நாற்பத்து நான்கு விநாடி.

சந்தேகப்பட்ட நேரத்தைவிட எட்டு விநாடி குறைவு. "சைபர்! கடைசி வரைக்கும் சைபர்!" என்று காஜா அக்கா அலறிய அலறலில், கதவைத் தட்டிக்கொண்டிருந்த ஆள் என்னவோ ஏதோ என்று உள்ளே ஓடிவந்துவிட்டார். கால்சட்டை வாங்க வந்தவர். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. டெய்லர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கி, "என் சம்சாரம் சார், என் சம்சாரம்!" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். வீடியோ அன்றைக்கே போய்ச் சேர்ந்தது.

மறுநாள் காலை அண்ணி ஒரு வக்கீலின் வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். நாத்தனார் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னறையிலிருந்து ஓடிவந்தாள்.

"அண்ணி, ஆந்தை!"

"படி. எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சத்தமாப் படி."

நாத்தனார் தொண்டையைச் செருமிக்கொண்டாள். "ஊசி அவர்களுக்கு. இந்த வீடியோவில் மொத்தம் முப்பத்தைந்தாயிரத்து ஐநூற்று இருபது படங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தேன். ஒன்றுகூட விடுபடவில்லை. உங்கள்மேல் வைத்த சந்தேகத்தை நீக்கிவிட்டோம். உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன். இருபது நிமிடத்துக்குள் சுரங்கத்தை விட்டு வெளியே வந்த முதல் ஆள் நீங்கள்தான்."

காஜா அக்கா ஊசியைக் கீழே போட்டுவிட்டுக் கை தட்டினாள். டெய்லர் எழுந்து நின்று தட்டினார். பத்து நாளாக ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத அண்ணி, இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, வக்கீலின் சட்டை நனைகிறதே என்றுகூடப் பார்க்காமல் அழுதாள்.

"இன்னொரு தடவை படிடீ" என்றாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே. "அந்த 'ஒன்றுகூட'ன்னு வருதே, அந்த இடத்தை மட்டும் மெதுவாப் படி."